வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாயடைத்துப் போக வேண்டுமா?

நம்மவர்களை நடுங்க வைக்கும் காகிதங்கள் இரண்டு. ஒன்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மற்றொன்று வக்கீல் நோட்டீஸ். முன்னதையாவது எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் ஓடுவோம். பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர், ஊரிலிருக்கும் மைத்துனர் என்று பத்துப் பேரிடம் அபிப்பிராயம் கேட்போம். பின்னதை யாரிடமும் காட்டமாட்டோம். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டு, மூன்றாம் நாள் கேட்ட பணத்தைக் கட்டிவிடுவோம். அந்த மூன்றாம் நாளை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக் கடன், தொழில் கடன் போன்ற பெரிய விஷயங்களை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரம், இரண்டாயிரம், மிஞ்சினால் ஐயாயிரம். எப்போதோ விட்டுவிட்ட போஸ்ட்பெய்டு போன், வீடு மாறும்போது துண்டித்த பிராட்பேண்ட், ஆசையாகச் சேர்ந்து இரண்டே மாதம் போன உடற்பயிற்சிக் கூடம், உபயோகிக்காமலே ஆண்டுக் கட்டணம் ஏறிய கிரெடிட் கார்டு. இவற்றில் பாக்கி என்று சொல்லி வரும் கடிதங்களைப் பற்றித்தான் பேச்சு. தலைப்பில் தராசுப் படம். சிவப்பு எழுத்தில் 'இறுதி எச்சரிக்கை'. நடுவில் நாலைந்து சட்டப் பிரிவுகள். அவற்றில் 420 தவறாமல் இருக்கும். இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி விடைபெற்று அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு அதில் 318-ஆம் பிரிவு. கடிதம் அச்சடிப்பவர்களில் சிலருக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

இந்தக் கடிதங்கள் எல்லோருக்கும்தான் வருகின்றன. ஆனால் நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். காரணம் எளிது. புனேயில் மூன்று வருஷம், கல்கத்தாவில் நாலு வருஷம், பிறகு தில்லி. தில்லியிலும் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு ஒரு வீடு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு போன், ஒரு இணைப்பு, ஒரு டெபாசிட். லாரியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்க யாருக்கு நினைவு வரும்? கம்பெனியின் கம்ப்யூட்டரிலோ இணைப்பு உயிரோடு இருக்கிறது. பில் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தப் பாக்கிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி ஒரு வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைக்கிறார்கள். ஏஜென்சி ஒரு வக்கீலைப் பிடிக்கிறது. ஒரே வாசகம், பெயரும் தொகையும் மட்டும் மாறும்.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா. பிள்ளை ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போனபோது விட்டுப்போன பிராட்பேண்டுக்கு 1,416 ரூபாய் பாக்கி, வட்டி, சட்டச் செலவு எல்லாம் சேர்த்து 5,900 என்று நோட்டீஸ் வந்தது. 'ஏழு நாளில் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும்' என்று கடைசி வரி. மாடிப்படியில் ஆள் ஏறி வந்தால் மூன்று மாடிக்காரர்களும் பார்ப்பார்களே என்பதுதான் மாமாவின் கவலை. மாமியிடம்கூடச் சொல்லாமல், கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, எதிர்முனையில் சொன்ன யு.பி.ஐ. முகவரிக்குப் பணத்தை அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதே பாக்கிக்கு வேறொரு ஏஜென்சியிடமிருந்து அடுத்த நோட்டீஸ். முதலில் போன பணம் கம்பெனியின் கணக்கில் வரவாகவே இல்லை. கையில் ரசீது கிடையாது. பிள்ளையைக் கேட்டால், "அப்பா, மோடத்தை அன்னிக்கே திருப்பிக் கொடுத்தாச்சே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்கிறான்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். ஆனால் கடன் என்ற சொல் வாசலில் வந்து நின்றால், மடியில் கனமே இல்லாதவனும் பயப்படுகிறான். அந்தக் காலத்தில் ஈட்டிக்காரன் சம்பளத் தேதியில் வாசலில் வந்து நின்றால் தெருவே பார்க்கும் அல்லவா, அந்த அவமானம் இரண்டு தலைமுறை தாண்டியும் நம் ரத்தத்தில் ஓடுகிறது. கணக்கு கேட்டால் கடனை ஏமாற்றப் பார்க்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசுகிறோம். ஊரில் நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். முப்பது வருஷ வாடிக்கை என்றாலும், பற்று நோட்டைப் பிரித்து, தேதிவாரியாகக் காட்டிவிட்டுத்தான் பாக்கி கேட்பார். உளுத்தம்பருப்பு வாங்காத தேதியில் உளுத்தம்பருப்பு எழுதியிருந்தால், "இது நாங்கள் வாங்கலையே" என்று நம் பாட்டி தயங்காமல் சொல்வாள். அதில் யாருடைய நாணயமும் குறைந்துபோனதில்லை. அவரிடம் கேட்டதை ஒரு கம்பெனியிடம் கேட்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல. ஒருவர் தம் கட்சிக்காரர் சார்பாக இன்னொருவருக்கு எழுதும் கடிதம், அவ்வளவே. கோர்ட்டிலிருந்து வரும் சம்மன் வேறு. அதில் கோர்ட்டின் பெயரும் முத்திரையும், வழக்கு எண்ணும், ஆஜராக வேண்டிய தேதியும் இருக்கும். கூடவே வாதி தாக்கல் செய்த மனுவின் நகலும் வரும். வழக்கு எண் நிஜம்தானா என்று இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். வழக்குப் போட்டு, ஜெயித்து, தீர்ப்பை நிறைவேற்ற மனுப் போட்டு, அதன் பிறகுதான் ஜப்தி என்ற பேச்சு. வசூல் ஏஜென்சி ஆளுக்கு உங்கள் வீட்டு டி.வி.யைத் தொடும் அதிகாரம் எந்தக் கட்டத்திலும் கிடையாது. அரசு ஓய்வூதியத்தையோ, பி.எஃப். தொகையையோ ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு கோர்ட்டுக்கே இடம் கொடுப்பதில்லை. பென்ஷனை நிறுத்திவிடுவோம் என்று எவனாவது போனில் மிரட்டினால் பெரியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெயில் என்ற பயமும் அப்படித்தான். கொடுக்க முடியாத ஏழ்மையைக் காரணமாக வைத்து ஒருவனைச் சிவில் சிறையில் தள்ளக் கூடாது, வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவன் விஷயமே வேறு என்று 1980-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதியவர் நம் பாலக்காட்டுக்காரர், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பணம் செலுத்தச் சொல்லும் சிவில் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவு. கணவர் காலமான பிறகு அவர் பெயரில் வரும் கடிதங்களை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடும் மாமிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொன்னாலே பாதி உயிர் திரும்பி வரும். கோர்ட், போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் 'டிஜிட்டல் கைது' செய்வதாக மிரட்டுகிறவன் வசூல்காரனே அல்ல, திருடன். உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

சரி, பயம் வேண்டாம் என்றால் கிழித்துக் குப்பையில் போட்டுவிடலாமா? அப்படிச் சொல்லும் கெட்டிக்காரர்களும் நம் வட்டாரத்தில் உண்டு. இங்கேதான் நான் அவர்களோடு சண்டை போடுகிறேன். அந்த யோசனை என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். நம்மில் பலருடைய பிள்ளைகள் அங்கே இருப்பதால் அவர்களுக்கும் உபயோகப்படும். அங்கே கடை வளாகத்தில் காரை நிறுத்திவிட்டு, அனுமதித்த நேரத்துக்கு மேல் தாமதித்தால், தனியார் பார்க்கிங் கம்பெனி 100 பவுன் வரை கேட்டுக் கடிதம் போடும். கட்டாவிட்டால் வசூல் ஏஜென்சி இன்னொரு 70 பவுன் சேர்த்து, 170 என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அது போலீஸ் அபராதமும் அல்ல, நகராட்சி அபராதமும் அல்ல. ஏஜென்சிக்காரனுக்கு வீட்டில் நுழையும் அதிகாரமும் இல்லை. அதனால் 'பதிலே போடாதே' என்பதுதான் வெகுகாலம் அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட யோசனை. 2015 நவம்பரில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கை முடித்தது. செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 2 மணி நேரம் இலவசமாக நிறுத்தக்கூடிய இடத்தில் 56 நிமிஷம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுன் கேட்டது செல்லும் என்று தீர்ப்பு. அறிவிப்புப் பலகை தெளிவாக இருந்தது, தொகையும் மிதமிஞ்சியது அல்ல என்றார்கள். அதற்குப் பிறகும் மௌனமாக இருந்தவர்களுக்குக் கடைசியில் கோர்ட் படிவமே வந்தது. அதற்கு 14 நாளில் ஏதாவது ஒரு பதில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஒருதலைப்பட்சமான தீர்ப்பு; ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டினாலொழிய அது 6 வருஷம் பதிவேட்டில் நின்று, வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது குறுக்கே விழும். ஏஜென்சியின் கடிதத்துக்கு அஞ்சியதும் தவறு, கோர்ட்டின் கடிதத்தை அதே குப்பையில் போட்டதும் தவறு.

இங்கேயும் அப்படித் தூங்கிவிடக் கூடாத காகிதங்கள் சில உண்டு. செக் திரும்பியது என்று நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டம் 138-ஆவது பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ் அவற்றில் முதலாவது. கையில் கிடைத்த 15 நாளில் பணத்தைக் கட்டாவிட்டால் அது கிரிமினல் வழக்காகும். மாதத் தவணைக்காக வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும், 2007-ஆம் வருஷச் சட்டம் ஒன்றின்படி கிட்டத்தட்ட அதே கதிதான். அடுத்தது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ். கடன் பத்திரத்தில் நாம் படிக்காமல் கையெழுத்திட்ட இருபது பக்கங்களுக்குள் அந்த ஷரத்து ஒளிந்திருக்கும். நாம் போகாவிட்டாலும் விசாரணை நடக்கும், தீர்ப்பு கோர்ட் டிகிரி போலவே செல்லும். கோர்ட் சம்மனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதாரணமாகப் பதில் மனுவுக்கு 30 நாள். சுருக்க விசாரணை வழக்கென்றால் 10 நாளில் ஆஜராகும் தகவல் கொடுத்தாக வேண்டும். இவற்றில் எது வந்தாலும் தெரிந்த வக்கீலிடம் அன்றைக்கே போவது நல்லது.

நம்மவர்களை அதிகம் குழப்புவது லோக் அதாலத் நோட்டீஸ். சட்டப் பணிகள் ஆணையம் நிஜமாகவே அனுப்புவதும் உண்டு. ஏஜென்சிக்காரர்கள் அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டு அனுப்புவதும் உண்டு. நிஜமானதாகவே இருக்கட்டும். லோக் அதாலத் என்பது இரு தரப்பும் சம்மதித்துச் சமரசம் செய்துகொள்ளும் இடம். நம் சம்மதமில்லாமல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை என்று 2008-இல் பஞ்சாப் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. போகலாம், பேசலாம், ஒத்துவராவிட்டால் எழுந்து வரலாம். ஆனால் சமரசத்தில் கையெழுத்திட்டுவிட்டால் அப்பீல் கிடையாது. 'பர்மனெண்ட் லோக் அதாலத்' என்று மேலே ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் மட்டும் உஷார். டெலிபோன், மின்சாரம், தண்ணீர், இன்ஷூரன்ஸ் போன்ற சேவைகளுக்கான அந்த மன்றத்துக்குச் சமரசம் முறிந்தால் தானே முடிவு சொல்லும் அதிகாரமும் உண்டு.

பாக்கி வக்கீல் கடிதங்களுக்கு என்ன செய்வது? ஒரு பக்கத்தில் பதில் எழுத வேண்டும். தாங்கள் குறிப்பிட்ட தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்த நகல், மாதவாரி பில், இணைப்புத் துண்டிக்கப்பட்ட தேதி, டெபாசிட்டைக் கழித்த விவரம், இந்தப் பாக்கியை வசூலிக்கத் தங்களுக்குக் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்தபின் பதில் எழுதுகிறேன். இவ்வளவு போதும். கோபம் வேண்டாம், குடும்பக் கஷ்டமும் வேண்டாம். நம்மவர்கள் பதில் எழுத உட்கார்ந்தால் சம்சாரத்தின் ஆபரேஷன் வரை எழுதிவிடுவோம். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் போகட்டும்.

எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழக் கூடாது. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போடச் சாதாரணமாகக் கெடு மூன்று வருஷம். கெடு முடிவதற்குள் பாக்கி உண்டு என்று நாம் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம் தொடங்கும். கெடு தாண்டிய பிறகும், 'தந்துவிடுகிறேன்' என்று எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு செத்துப்போன அந்தக் கோரிக்கைக்கு உயிர் கொடுத்துவிடும். "ஒரு ஐந்நூறு போட்டு, அவகாசம் வேண்டும்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க சார், ஃபைலை மூடிடறேன்" என்று தேனொழுகப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் பின்னால் இந்தச் சூட்சுமம் இருக்கலாம்.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் நமக்கு இன்னும் கொஞ்சம் பலம் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது, உறவினர் நண்பர்களை இழுத்து அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மறுபடியும் கண்டித்து எழுதியது. ஏஜென்சி செய்யும் அட்டூழியத்துக்கு வங்கியே பொறுப்பு. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம். டெலிபோன் கம்பெனிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இந்த விதி பொருந்தாது என்பது வருத்தத்துக்குரியது. வசூல் தொழில் முழுமைக்கும் ஒரே சட்டம் இந்த நாட்டில் இல்லாதது பெரிய குறை. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது இது வருமா என்று தேடினால் கண் வலிதான் மிச்சம்.

நிஜமாகவே பாக்கி இருந்தால்? கட்டிவிட வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் கம்பெனியின் சொந்தக் கணக்கில் கட்டுங்கள், ஏஜெண்டின் கைப்பேசியில் அல்ல. 'பாக்கி ஏதுமில்லை' என்று எழுத்தில் வாங்குங்கள். கடன் விஷயத்தில் 'செட்டில்மெண்ட்' என்று பாதித் தொகைக்கு ஆசை காட்டினால் யோசியுங்கள். சிபில் அறிக்கையில் 'முழுதும் கட்டி முடித்தவர்' என்பதற்கும் 'செட்டில் செய்தவர்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாளை பெண் கல்விக் கடனுக்கு மனுப் போடும்போது, கூடக் கையெழுத்திடும் தகப்பனாரின் அறிக்கையையும் பார்ப்பார்கள். அந்த அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் படும் பாட்டில் நூற்றில் ஒரு பங்கு போதும். நம் அங்கத்தினர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள். வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்தியில் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் நூலக அறையில் இவர்கள் உட்கார்ந்தால், பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும் கடிதங்கள் வெளியே வரும். சட்ட உதவி தேவைப்படும் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற நம்பரில் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கூடப் போய் வர ஆள் இல்லாமல் இருக்கிறார்கள்.

செயற்குழு இதை ஏற்றுக்கொண்டால், வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடிதத்தோடு அது வந்த உறையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். எத்தனை நாள் மிச்சம் என்று கணக்குப் போட வேண்டிய தேதி அந்த உறையின் மேல்தான் இருக்கும். நம்மவர்கள் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான்.